நீதியரசர் மு.மு. இஸ்மாயில்: நடுவுநிலையும் நற்றமிழும்

முன்னுரை

ஆள்வோர்க்குச் செங்கோன்மையை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, மாந்தர் அனைவர்க்கும் உரிய அறமாக நடுவுநிலைமையைத் தனியோர் அதிகாரமாக்கினார். தமக்கோ பெற்றோர்க்கோ உறவினர்க்கோ எதிராயினும் நீதியின் பக்கம் நின்று சான்று பகர்தல் வேண்டும் என்பது திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:135) உணர்த்தும் நெறியாகும். இவ்விரு நெறிகளும் ஒருவர் வாழ்வில் இணைந்து விளங்கியமைக்குச் சான்று, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள். அவர்தம் பணிவாழ்வில் நடுவுநிலை சோதிக்கப்பெற்ற இடங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிவாழ்வு

1921ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் நாகூரில் பிறந்த இவர், சட்டம் பயின்று வழக்குரைஞராகத் தொழிலாற்றி, 1967இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1979இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். 1980இல் சில நாள்கள் தமிழக ஆளுநர் பொறுப்பையும் ஏற்றார்.

சிறைக்கொடுமை விசாரணை

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 சனவரி 31 அன்று தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டது. அதனையடுத்து மிசாச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டோர் தாக்கப்பட்டனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அதனை விசாரிக்க 1977இல் அமைந்த ஆணையம் இவர் பெயராலேயே இஸ்மாயில் ஆணையம் எனப்பட்டது. சிறைவாசிகள் தாக்கப்பட்டமை உண்மையே என ஆணையம் கண்டது. மதிலுக்குள் நிகழ்ந்ததற்கு அடைபட்டோரும் அடைத்தோருமே சாட்சிகள். அத்தகைய வழக்கில் அதிகாரத்தின் சொல்லை அதிகாரத்தின் சொல் என்பதற்காகவே ஏற்காமல், எளியோர் சொல்லையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தலே நடுவுநிலையாகும்.

கம்பனில் கண்ட வழக்கு

நீதிமன்றத்தில் இருதரப்பும் கேட்டவர், இலக்கியத்திலும் அவ்வாறே கேட்டார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய இவர், வாலிவதையை ஆராய்ந்து ‘மூன்று வினாக்கள்’ என்னும் நூலை எழுதினார். வாலிவதைப் படலமே ஒரு வழக்கு மன்றம் போன்றது. அம்பேறுண்டு வீழ்ந்த வாலி, இராமனை நேர்நின்று வினவுகின்றான். தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் எடுத்துரைக்கின்றான். மறைந்துநின்று எய்தது ஏன் என்னும் வினாவுக்கோ இலக்குவன் விடையிறுக்கின்றான்: சுக்கிரீவன் முன்னரே அடைக்கலம் புகுந்தான், நேர்நின்றால் வாலியும் அடைக்கலம் வேண்டக்கூடும். காப்பியத் தலைவனையே வினாவுக்கு உட்படுத்தும் கம்பனின் துணிவு, நீதியறிந்த உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

இஸ்லாமியர் ஒருவர் கம்பனில் தோய்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். தம் மார்க்கத்தில் உறுதியும் பிறர் இலக்கியத்தில் ஈடுபாடும் முரண்பட்டவை அல்ல என்பதற்கு அவர் வாழ்வே விடை. பெருமானாரின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய உமறுப்புலவரின் வழியும் இதுவேயன்றோ?

இடமாற்றமும் பதவி துறத்தலும்

1981 சனவரியில் இவரைக் கேரள உயர்நீதிமன்றத்திற்கும், பாட்னாத் தலைமை நீதிபதி கே.பி.என். சிங் அவர்களைச் சென்னைக்கும் மாற்றும் ஆணைகள் பிறந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 222ஆம் பிரிவு இடமாற்றத்திற்கு இடமளிக்கின்றது. நீதிபதியின் இசைவு கட்டாயமன்று. ஆயினும் மாற்றம் பொதுநலன் கருதியதாக இருத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1977இல் சங்கல்சந்த் சேத் வழக்கில் விளக்கியிருந்தது.

இங்கும் இருதரப்பு உண்டு. வெளிமாநிலத்தார் தலைமையேற்றால் உள்ளூர்ச் சார்புகள் குறையும் என்பது ஒரு தரப்பு. விரும்பாத தீர்ப்பு வழங்குவோரை அச்சுறுத்த இவ்வதிகாரம் கருவியாகலாம் என்பது மறு தரப்பு. இஸ்மாயில் அவர்கள் மாற்றத்தை ஏற்காது 1981இல் பதவியைத் துறந்தார். உயர்நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62 ஆதலின், 1983 பிப்ரவரி வரை இருந்திருக்கக்கூடிய பதவி அது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று எஸ்.பி. குப்தா வழக்கில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு, சிங் அவர்களின் மாற்றம் செல்லும் என்றது. பின்னர் 1993இல் வேறொரு வழக்கில், நியமனத்திலும் இடமாற்றத்திலும் நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை என்று நிலைநாட்டப்பட்டது. பதவி பெரிதா, பதவியின் மாண்பு பெரிதா என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை, இந்நெடிய விவாதத்தின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

நிறைவுரை

கொங்கு மண்ணுக்கு இவ்வரலாறு அயலானதன்று. கம்பராமாயணத்தை உரையுடன் பதிப்பித்த கம்பன் அறநிலை நம் கோவையில் எழுந்தது. பவானியை அடுத்த கடப்பநல்லூரில் பிறந்த ப. சதாசிவம் அவர்கள், 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். தமிழும் சட்டமும் பயிலும் மாணாக்கர்க்கு இங்கே முன்னோடிகளுக்குக் குறைவில்லை.

2005 சனவரி 17 அன்று இஸ்மாயில் அவர்கள் மறைந்தார். தீர்ப்பெழுதும் பொறுப்பு நீதிபதிக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் ஆசிரியரும், இல்லத்தில் பெரியோரும், ஜமாஅத்தில் தலைவரும் நாள்தோறும் தீர்ப்புக் கூறுகின்றனர். மறுதரப்பைக் கேளாது வாய் திறவாமை ஒன்றை நாம் கைக்கொண்டால், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.