கையெழுத்திடும் சிலந்தி

தாராவியை அடுத்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா முன்னாளில் குப்பைமேடு. 1994-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே செடிகளிடையே நான் கண்டு வியந்தது ‘ஆர்ஜியோபி அனசுஜா’ என்னும் சிலந்தி. 1887-ல் தோரெல் என்னும் அறிஞர் இதனை விவரித்தார்.

பெண் சிலந்தியின் வயிற்றில் மஞ்சளும் பழுப்பும் பட்டைகளாக ஓடும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கற்குறிபோல் தலைகீழாக வீற்றிருக்கும். வலையில் வெண்ணூலால் நெளிகோடு இடும். அதனால் கையெழுத்துச் சிலந்தி என்பர்.

கோடு எதற்கு? புறஊதா ஒளியைத் தெறித்துப் பூச்சிகளை ஈர்க்கிறது என்பர் சிலர். பறவைகள் மோதாதபடி எச்சரிக்கிறது என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

எல்லா வலையிலும் கோடு இராது. ஆகவே விடுதித் தோட்டத்தில் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர், குறிப்பேட்டை எடுங்கள். கோடுள்ள வலையில் எத்தனை பூச்சி, கோடில்லா வலையில் எத்தனை? எண்ணிப் பாருங்கள், ஆராய்ச்சி அங்கே தொடங்குகிறது.