மூட்டுநோயும் நம் உணவு நெறியும்

யூரிக் அமிலம் மிகுந்து, பெரும்பாலும் கால் பெருவிரல் மூட்டில் சிவந்து வீங்கி வருத்தும் நோயைக் ‘கௌட்’ என்பர். திருவண்ணாமலையைச் சூழ்ந்த போளூர், ஆரணி, வந்தவாசிப் பகுதிச் சிராவகர் இல்லங்களில், இந்நோய் என்றறிந்தவுடன் பருப்பை அறவே விலக்குவோர் உளர். புலால் உண்ணாத நாம் பருப்பையும் விட்டால் புரதத்திற்கு எங்கே போவது?

அமெரிக்காவில் 47,150 ஆடவரைப் 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்டோரிடம் கௌட் மிகுந்தது. பயறு, கீரை உண்டதால் மிகவில்லை. கொழுப்பு குறைந்த பாலுணவு உண்டோரிடம் குறைந்தே இருந்தது. ஆதலின் பருப்பும், வெண்ணெய் எடுத்த மோரும் நமக்கு உகந்தனவே.

நாம் கருதவேண்டுவன நீரும் நோன்பும். பட்டினியால் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும். இரவில் நீரும் அருந்தாதோர் பகலிலேயே சிறிது சிறிதாகப் போதிய நீர் பருகிவிடுதல் வேண்டும். இதய, சிறுநீரக நோயுடையோர் மருத்துவர் கூறும் அளவைக் கடத்தலாகாது. சதுர்த்தசியில் முழு உபவாசம் ஏற்பதற்கு மாறாக, இந்நோயாளர் குறைத்துண்ணும் அவமோதரியத்தை மேற்கொள்ளலாம். அதுவும் புறத்தவம் ஆறனுள் ஒன்றே. ஏனோ பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வலி மாத்திரைகள் பலவும் வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும். இரவு மாத்திரையைச் சூரியன் மறையுமுன் உண்ணும் உணவோடு அமைத்துத் தர இயலுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.