ராகியின் பாதம் ஆறும் வரை

மத்திகிரி, ஓசூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கினிப் பன்றி ராகியின் இடது பின்னங்காலில் குதிகால் பக்கம் தோல் சிவந்து வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. "ஒரு மாசமா மருந்து போடறேன், ஆறவே மாட்டேங்குது. நான் சரியா பாத்துக்கலையா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அப்பாவிடமும் கொடு.

உன் கவனிப்பில் குறை இல்லை. இந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். கினிப் பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. மெல்லிய தோல், அதற்கடியில் கொஞ்சம் சதை, உடனே தசைநாணும் எலும்பும். ஒரு கிலோ உடம்பை அந்தச் சின்னப் பாதங்கள் நாள் முழுக்கத் தாங்குகின்றன. நமக்குக் காலில் புண் வந்தால் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிடலாம். அதற்கு அந்த வசதி இல்லை. பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருந்தால்தான் அதன் குடல் ஓடும், தின்ன வேண்டுமென்றால் நின்றாக வேண்டும். புண்பட்ட இடத்தின் மேலேயேதான் அது வாழ்கிறது.

இந்தப் புண்ணை டாக்டர்கள் போடோடெர்மடைட்டிஸ் என்பார்கள். கோழி வளர்ப்பவர்கள் பம்பிள்ஃபுட் என்பார்கள். மத்திகிரிப் பக்கம் கோழிகளுக்கு வந்து நிறையப் பார்த்திருக்கிறேன். உயரமான இடத்திலிருந்து குதித்துக் குதித்து, ஈரமான கூளத்தில் நின்று, பாதம் வீங்கி நடுவில் ஆணி மாதிரி கறுத்துப்போகும். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் காரணம். அது வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. தோலின் மேல் சாதாரணமாக இருப்பதுதான். தோல் எங்கே நைந்து திறக்கிறதோ அங்கே உள்ளே புகுந்துவிடும். எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தோல் ஏன் நைந்தது என்பது.

படத்தின் ஓரத்தில் கூண்டின் தரை தெரிந்தது. கம்பி வலை. கடைக்காரர்கள் புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் சுலபம் என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்த வலையை இன்றைக்கே எடுத்துவிடு. நாளைக்கு என்று வைக்காதே. என் கால்நடைத் துறை சர்வீஸில் பாதி, கோமாரி வந்த மாடுகளின் குளம்புப் புண்ணோடுதான் போனது. ஒரே மருந்து, ஒரே ஊசி. சேற்றுக் கொட்டகையில் நின்ற மாடு நொண்டிக்கொண்டே இருக்கும், காய்ந்த தரையில் கட்டிய மாடு தேறிவிடும். அஞ்செட்டிப் பக்கம் ஆலம்பாடி மாடு வைத்திருந்த பெரியவர்கள் இதை எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். டாக்டர் வருவதற்குள் மாட்டை மேட்டில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். ராகிக்கும் அதுதான். மருந்து கிருமியை மட்டுப்படுத்தும், பாதத்தை ஆற்றுவது தரை.

சமமான தரை போடு. அடியில் அட்டை, அதன் மேல் செய்தித்தாள், அதற்கும் மேல் மெத்தென்ற கம்பளித் துணியோ பழைய பருத்திப் போர்வையோ இரண்டு மூன்று மடிப்பாக. பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். பிரிந்த நூல் தொங்கும் துணியும் வேண்டாம், விரலைச் சுற்றி இறுக்கிவிடும். மரக்கடைத் தூள் இலவசமாகக் கிடைக்கிறது என்று அப்பா சொல்லியிருப்பார். அந்தத் தூள் புண்ணில் ஒட்டும், மூச்சுக்கும் ஆகாது. வைக்கோலின் முனை குத்தும். துணியைக் காலையும் மாலையும் மாற்று. உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகைத் தூறலும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால் எதுவும் காயாது, ஆகவே மாற்றுத் துணி நிறைய வைத்துக்கொள். மூத்திரம் ஊறிய துணியில் ஒரு ராத்திரி நின்றால் ஒரு வார வைத்தியம் வீண்.

நகங்களையும் பார். முன்னங்காலில் 4, பின்னங்காலில் 3 விரல்கள் இருக்கும். நகம் நீண்டு வளைந்தால் பாதம் சமமாகப் பதியாது, பாரம் முழுக்கக் குதிகாலுக்குப் போகும். வெட்டும்போது நகத்துக்குள் ஓடும் ரத்தக் குழாயை விட்டுத் தள்ளி, நுனியை மட்டும் வெட்டு. கறுப்பு நகமாக இருந்தால் குழாய் தெரியாது, டாக்டரையே வெட்டச் சொல்.

அடுத்தது சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உன் அறிவியல் பாடத்துக்கும் உதவும். ஆடு, மாடு, நாய், எலி எல்லாம் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது, கினிப் பன்றியாலும் முடியாது. அதற்கு வேண்டிய ஒரு நொதி இருவரிடமும் இல்லை. 1907-ல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் போட்டு வளர்த்தார்கள். அவற்றுக்கு, வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. விலங்கு ஒன்றுக்கு ஸ்கர்வி வரவழைக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். பிறகு ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி தன்னிடமிருந்த ஒரு பொருளைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அதுதான் வைட்டமின் சி என்று உறுதியானது. அதைப் பெருமளவு பிரித்தெடுக்க அவருக்குக் கைகொடுத்தது அவர் ஊர் மிளகாய். 1937-ல் நோபல் பரிசு வாங்கினார். மனிதகுலம் ஸ்கர்வியைப் புரிந்துகொள்ள உயிரைக் கொடுத்த இனம் இது. அதில் ஒன்று நம் வீட்டில் நொண்டும்போது நாம் கொஞ்சம் பொறுமையாக இருக்கத்தான் வேண்டும்.

வைட்டமின் சி குறைந்தால் புதுத் தோல் கட்டாது. புண் ஆறத் தேவையான கொலாஜன் என்ற புரதம் அந்த வைட்டமின் இல்லாமல் சரியாக உருவாகாது. பெரிய கினிப் பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். உடம்பு சரியில்லாதபோது இன்னும் கூடுதல், அந்த அளவை டாக்டர் சொல்லட்டும். நல்லவேளையாக நம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் குடைமிளகாய் விளைகிறது. சிவப்புக் குடைமிளகாய் 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. விதையை நீக்கிவிட்டு தினம் ஒரு துண்டு கொடு. கொத்தமல்லித் தழை கொடு, எப்போதாவது சின்னத் துண்டு கொய்யா. தண்ணீரில் மாத்திரையைக் கரைத்து வைக்காதே, சீக்கிரம் வீரியம் போய்விடும், ருசி பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். கடையில் வாங்கிய குச்சித் தீவனத்திலும் சில மாதங்களில் வைட்டமின் குறைந்துவிடும், தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கு. முருங்கைக்கீரை, பாலக்கீரை இரண்டையும் தினமும் போடாதே, மூத்திரப்பையில் கல் வரலாம்.

இதெல்லாம் கறி மாதிரிதான். சோறு என்பது புல். அருகம்புல் எவ்வளவு தின்றாலும் தின்னட்டும், தீரத் தீரப் போடு. ஆனால் ரோஜாத் தோட்டம், தக்காளிக் காடு, கோஸ் வயல் இவற்றின் வரப்பில் அறுக்காதே. அங்கே அடிக்கும் மருந்து புல்லில் படிந்திருக்கும். கோயில் பின்பக்கமோ உங்கள் கிணற்று மேடோ நல்லது. அலசி, ஈரம் போக உதறிப் போடு. பிஸ்கட், சப்பாத்தி, கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்திவிடு. உடம்பு கூடக் கூடப் பாதத்தின் பாரம் கூடும்.

இப்போது சொல்வதை இரண்டு முறை படி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அமாக்சிசிலின் வாங்கிக் கொடுக்கலாமா என்று அப்பா யோசிப்பதாக எழுதியிருந்தாய். கூடவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை நமக்கு உதவும் மருந்துகள்தாம். கினிப் பன்றிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் அதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்ட கிருமி பெருகி, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். பாதப் புண்ணால் சாவதைவிட மனிதர்கள் அன்பாகக் கொடுத்த மாத்திரையால் சாவது கொடுமை. கினிப் பன்றிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது எடை பார்த்து டாக்டர் எழுத வேண்டியது. வலி மருந்தும் அப்படியே, பாரசிட்டமாலை உடைத்துக் கொடுக்காதே. பக்கத்து வீட்டு அவ்வா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னாராமே. நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் குழைத்துப் பூசியது புண்ணை மூடிவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, அதில் தூசியும் முடியும் ஒட்டும், ராகி அதை நக்கியும் தின்னும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். புதிதாகக் கட்டும் சதையை அவை அரித்துவிடும்.

பாதம் கழுவ டாக்டர் சொன்னால், வெதுவெதுப்பான தண்ணீரில் போவிடோன் அயோடினைச் சில சொட்டு விடு. பால் ஊற்றாத இலேசான டீயின் நிறம் வந்தால் போதும். ஒருவர் மடியில் வைத்து முதுகையும் பின்பக்கத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் காலை நனைக்க வேண்டும். தனியாகச் செய்யாதே, துள்ளி விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். பொருக்கைப் பிய்க்காதே. நனைத்த பிறகு விரலிடுக்கு வரை ஒற்றி நன்றாகக் காய வை. கட்டுப் போட்டிருந்தால் விரல் நுனி வீங்கியிருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார். இறுகிய கட்டு புண்ணைவிட மோசம், நனைந்த கட்டும் அப்படித்தான். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவு.

"ஆறவே இல்லை" என்று எழுதினாயே, அது எப்படித் தெரிந்தது? தினமும் பத்துத் தடவை பார்க்கும் கண்ணுக்கு எதுவும் ஆறுவது தெரியாது. வாரம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடு. சமையலறைத் தராசில் தினமும் காலை ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுது. இந்த நோட்டு உன் மனசைவிட நம்பகமானது. கினிப் பன்றி மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி, வலியை வெளியே காட்டாது. அது சொல்லாததை எடை சொல்லும். சில நாளில் 50 கிராம் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடு. முடி சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ, கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கு வீச் வீச்சென்று கத்தாமல் இருந்தாலோ வலி இருக்கிறது என்று அர்த்தம். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அது அவசரம்.

ராகியின் ஜோடியைப் பிரித்து வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மற்றது கட்டைக் கடிக்காதவரை, விரட்டாதவரை ஒன்றாகவே விடு. கூட்டமாக வாழும் பிராணி இது. சுவிட்சர்லாந்தில் 2008-ல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டப்படி ஒற்றைக் கினிப் பன்றியை வளர்க்கவே கூடாது. தனியாக விட்டால் தீனியும் குறையும்.

இனி செலவு விஷயம். "சில நூறு ரூபாய்ப் பிராணிக்கு இத்தனை ஆயிரமா, புதுசு வாங்கிக்கலாம்" என்று அப்பா சொன்னதில் உனக்குக் கோபம். சிப்காட்டில் ஷிப்டு பார்த்துக் கொண்டுவரும் பணம் அது, அவனுக்கும் கணக்கு உண்டு, அவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவனுக்கு நான் சொல்வது இது: தம்பி, வாங்கிய விலை ஒருநாள் விஷயம். வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு அது நம் பொறுப்பில் இருக்கும் உயிர். மாடு நொண்டினால் நம் அப்பா விலை கேட்டுக்கொண்டா நின்றார்?

உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டு. அவரிடம் வருவது மாடும் ஆடும் கோழியும்தான், கினிப் பன்றி அபூர்வம். சிறு பிராணி பார்ப்பவர் யார் என்று அவரிடமே கேள், சொல்லுவார். நமக்கு நாமக்கல், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகளைவிடப் பெங்களூரு கிட்டம். காலை வெயில் ஏறுமுன் புறப்படு. காற்றுப் போகும் பெட்டியில் புல்லும் ஒரு வெள்ளரித் துண்டும் வை, ஜோடியையும் கூட்டிப் போ. வெறும் வயிற்றோடு கொண்டுபோகாதே. நோட்டையும் படங்களையும் காட்டு. எக்ஸ்ரே எடுக்கச் சொல். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கிருமி எலும்புக்குள் இறங்கியிருக்கலாம். அதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எலும்பில் இறங்கியிருந்தால் முழுசாக ஆறாமல் போகலாம். அப்போதும் வலியைக் குறைத்து, மெத்தையான தரையில், தின்றுகொண்டு வாழ வைக்க வழி உண்டு. வலி மருந்துக்கும் அடங்காத நிலை வந்து, அமைதியாக அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னால், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அந்தப் பேச்சுக்கு இப்போது நேரமில்லை. படத்தில் அதன் கண் தெளிவாக இருக்கிறது, வாயில் புல் இருக்கிறது.

கம்பி வலையை இன்றைக்கே கழற்று. இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் போ. எக்ஸ்ரே செலவு என்னுடையது, அப்பாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா