மாளிகை பொது நூலகமாதல்: மிலான் நகரின் சொர்மானி மாளிகை

மாணவர்களே, பரோக் கட்டடக் கலை பற்றி வினவப்படும்போது உங்களிற் பலர் தேவாலயங்களையே உதாரணமாக எழுதுவீர்கள். நகரச் செல்வந்தரின் மாளிகைகளும் இப்பாணியில் எழுந்தன. இத்தாலியின் மிலான் நகரிலுள்ள சொர்மானி மாளிகை அவற்றுள் ஒன்றாகும்.

1. பரோக் பாணி
மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களில் நேர்கோடும் சமநிலையும் மேலோங்கியிருந்தன. 17ஆம் நூற்றாண்டில் உரோமிலிருந்து பரவிய பரோக் பாணியிலோ வளைகோடுகள், செறிந்த அலங்காரம், ஒளி நிழல் வேறுபாடு என்பன பார்ப்போரை வியக்கவைக்கும் நோக்குடன் கையாளப்பட்டன.

2. மாளிகையின் வளர்ச்சி
17ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயரான கர்தினால் செசாரே மொந்தி இம்மாளிகையை விரிவாக்குவித்தார். 1736இல் வீதிப்பக்க முகப்பை பிரான்செஸ்கோ குரோச்சே அமைத்தார். மிலான் பேராலயத்தின் அதியுயர் கோபுரத்தை வடிவமைத்தவரும் இவரே. தோட்டப்பக்க முகப்பு பெனதெத்தோ அல்பியேரியின் ஆக்கமாகும். பின்னர் மாளிகை சொர்மானி குடும்பத்தின் உடைமையாகி அப்பெயரைப் பெற்றது.

3. அழிவும் மீளெழுச்சியும்
20ஆம் நூற்றாண்டில் மாளிகை மாநகரசபையின் உடைமையானது. இரண்டாம் உலகப் போரில், 1943இல், குண்டுவீச்சினால் பெரும் சேதமடைந்தது. கட்டடக் கலைஞர் அரிகோ அரிகெத்தியின் திட்டப்படி மீளமைக்கப்பட்டு, 1956இல் நகரின் மத்திய பொது நூலகமாகத் திறக்கப்பட்டது.

4. பேணியதும் மாற்றியதும்
வரலாற்று முகப்புகள் பேணப்பட்டன. ஓபியுஸ் தன் இசையால் விலங்குகளை மயக்கும் காட்சி தீட்டப்பட்ட ஓவியங்களைக் கொண்ட மண்டபமும் இங்குண்டு. ஆயினும் உட்புறத்தின் பெரும்பகுதி பழைய வடிவில் மீளக் கட்டப்படாது, வாசிப்பு மண்டபங்களாகப் புதிதாக அமைக்கப்பட்டது. நூல்களின் பாரத்தைத் தாங்கும் தளமும் வாசிப்பதற்கேற்ற வெளிச்சமும் நூலகத்திற்கு இன்றியமையாதவை அல்லவா? அழைக்கப்பட்ட விருந்தினருக்கு மட்டும் திறந்த வாயில் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

நினைவிற் கொள்க
மரபுரிமைப் பாதுகாப்பு என்பது பழையதை மாற்றமின்றி வைத்திருத்தல் மட்டுமன்று. அடையாளத்தைக் காத்துப் புதிய பயனை வழங்குவதும் பாதுகாப்பேயாகும். விடையெழுதும்போது பேணப்பட்டது, மாற்றப்பட்டது, அதற்கான காரணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுக.

பயிற்சி
1. பரோக் பாணியின் இயல்புகள் மூன்று தருக.
2. சொர்மானி மாளிகையின் வீதிப்பக்க முகப்பை அமைத்தவர் யார்?
3. போரில் சேதமடைந்த மாளிகையைப் பழையபடியே கட்டாது நூலகமாக மாற்றியது பொருத்தமானதா? காரணங்கள் இரண்டு காட்டி விளக்குக.