பளிங்குத் தண்ணீரும் மீனைக் கொல்லும்

கேள்வி: இரண்டடித் தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. மூன்றாம் நாளே தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. முழுத் தண்ணீரையும் கொட்டி, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பான்ஜ் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினோம். மறுபடியும் வெளுக்கிறது, ஒரு மீன் செத்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: முதலில் கழுவுவதை நிறுத்துங்கள். வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் தண்ணீரில் பெருகி மிதக்கும் பாக்டீரியா. புதுத் தொட்டிகளில் இது சகஜம். சில நாட்களில் தானே தெளியும். மீனைக் கொன்றது அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாத அமோனியா.

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சு, மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கும். அதை ஓரளவு தாங்கக்கூடிய நைட்ரேட்டாக மாற்றுவது வேறொரு கூட்டம். பழைய கையேடுகள் இதை நைட்ரோபாக்டர் என்று எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் டிமோதி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள்.

இந்த இரு கூட்டமும் ஸ்பான்ஜிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வளரும். போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், அதுவரை வளர்ந்ததில் பெரும்பகுதி போய்விடும்.

இனி ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு மேல் காட்டும் நாட்களில் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பான்ஜ் அடைத்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும். நோயில்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால், அங்கு ஓடிய ஸ்பான்ஜில் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஃபில்டரில் வையுங்கள், வாரக்கணக்கு குறையும். இரண்டடித் தொட்டி ஐம்பது லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது சிறியது. வளர வளரப் பெரிய தொட்டி தேவைப்படும்.

கேள்வி: மாதம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுகிறோம். தண்ணீர் பளிங்குபோல் இருந்தும், மாற்றிய அன்றே மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றனவே?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். முதலாவது, குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின். அது செவுளை அரிக்கும். வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. சோடியம் தயோசல்ஃபேட் உள்ள ஆன்டி குளோரின் சொட்டுகள் குளோரினை உடனே முறிக்கும்.

இரண்டாவது, பிஎச். மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீரில் பிஎச் மெல்ல இறங்கும். அப்போது அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியமாக அடங்கியிருக்கும். மிச்சமிருக்கும் அந்தத் தண்ணீரோடு உப்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரை ஊற்றினால் பிஎச் சட்டென ஏறும். பிஎச் 7-லிருந்து 8 ஆனால், நச்சு அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். முழுவதையும் கொட்டிப் புதிதாக நிரப்பினாலும், திடீர் மாற்றமே மீனுக்கு அதிர்ச்சிதான். மாதம் ஒருமுறை முழுசாக மாற்றுவதைவிட வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுவதே நல்லது.

கேள்வி: தொட்டித் தண்ணீர் பச்சையாகிறது. மருந்து ஊற்றலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அது மிதக்கும் பாசி. ஜன்னல் வெயிலும் மிதமிஞ்சிய தீனியும் சேர்ந்தால் வரும். தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றி, விளக்கை ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மருந்தில் பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் ஆக்ஸிஜன் குறையும்.

கேள்வி: கரண்ட் மிச்சம் என்று இரவில் ஃபில்டரை நிறுத்துவது சரியா?
– வாசகி, ஈரோடு

பதில்: கூடாது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கலந்த நீரோட்டம் வேண்டும்; பல மணி நேரம் நின்றால் அவை மடியத் தொடங்கும். மிச்சமாகும் கரண்டும் அற்பம். பத்து வாட் மோட்டார் 30 நாள் இடைவிடாமல் ஓடினாலும் ஆகும் செலவு 7.2 யூனிட்தான்.