கையால் செய்யும் சவர்க்காரம்: விற்பனைக்கு இறங்குமுன்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் வீட்டோடு இருந்து நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களுக்குச் சவர்க்காரம் ஏற்ற தொழில். ஆனால் சமையல்போல் கைக்கணக்கில் செய்ய முடியாது.

1. முதல் முதலீடு, கிராம் காட்டும் மின்தராசு. ஒவ்வோர் எண்ணெய்க்கும் காஸ்டிக் சோடா அளவு மாறும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், செம்பனை எண்ணெய்க்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. செம்பனை 600 கிராம், தேங்காய் 300, விளக்கெண்ணெய் 100 எடுத்தால் சோடா 152 கிராம் வரும். அதில் 5 விழுக்காடு குறைத்து 144 கிராம் போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் மீந்து தோலுக்கு இதமாக இருக்கும். தண்ணீர் 300 கிராம். இந்த ஒரு கலவை கை வந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

2. சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் செய்யுங்கள். அலுமினியச் சட்டி அரித்துப்போகும், எவர்சில்வர் போதும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

3. எண்ணெயும் கரைசலும் வெதுவெதுப்பானதும் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றி, ஓரிரு நாளில் வெட்டுங்கள்.

4. வெட்டிய கட்டிகள் நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். இதில் அவசரம் காட்டினால் கட்டி சீக்கிரம் கரைந்துவிடும்; வாங்கியவர் மறுபடி வரமாட்டார். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சவர்க்காரத்திலுள்ள கிளிசரின் அதை இழுப்பதால் மேலே நீர்த்துளி கட்டும். விசிறிக் காற்று படும்படி அடுக்கி, காகிதத்தில் சுற்றுங்கள். தீபாவளி விற்பனைக்கு ஆவணியிலேயே ஊற்றிவிடுங்கள்.

5. பச்சை இலையை அரைத்துப் போட்டால் பழுப்பேறும். காய்ந்த வேப்பிலைப் பொடி நல்லது. மஞ்சள், சோடா பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம்.

6. 2.50 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கிலோ மானிய எண்ணெய்ப் பொட்டலம் குடும்பச் சமையலுக்கானது. தொழிலுக்குத் தொடாதீர்கள். போத்தல் எண்ணெய் விலையை வைத்தே அடக்கவிலை போடுங்கள். உங்கள் கூலியையும் மறக்காமல் சேருங்கள். பெண்கள் பலரும் விட்டுவிடுவது இந்தக் கூலியைத்தான்.

7. வணிகப் பதிவு அலுவலகமான எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயருக்கு 60 வெள்ளி. அதோடு முடியவில்லை. குளியல் சவர்க்காரம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். மருந்து, அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவித்து எண் பெறாமல் விற்கக் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் தனி அறிவிப்பு. தயாரிக்கும் இடமும் அவர்களின் சுத்த, தர விதிகளுக்குள் வரவேண்டும். அடுப்படி மூலை ஒத்துவராது. தனியறைக்கு வழியில்லாவிட்டால், விதிப்படி இயங்கும் தொழிற்சாலையில் உங்கள் பெயரில் செய்து வாங்கலாம்.

8. சொறி, சிரங்கு குணமாகும் என்று உறையில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும்.

9. இந்தியத் தொழில்முனைவோருக்குச் சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்பூமி கடன் உண்டு. நிலையான வாடிக்கை பிடித்தபின் கேளுங்கள்.

10. செங் சன்னாசிமலைக் கோயில் மாசி மகம், தீபாவளிச் சந்தை இரண்டிலும் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கடை போட அனுமதி வேண்டுமா என்று ஏற்பாட்டாளரிடமும் நகராண்மையிடமும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.