வேலையை விடும்போது வரவேண்டிய பணம்

பெங்களூரில் பீன்யா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. தையல் மிஷினில் உட்காருகிறவர்களில் பெண்களே அதிகம்.

அப்படி ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆறு வருடம் எட்டு மாதம் ஒரே கம்பெனியில் தைத்தார். சம்பளம் 15,600 ரூபாய். மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு. குறைந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. கழிப்பறைக்குப் போனால் நேரம் போய்விடும். அதற்குப் பயந்து அவர் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்தது. இரவில் தூக்கமும் போனது.

வேலையை விட முடிவு செய்தார். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் சம்பளம் 14,000 ரூபாய்தான். ஒன்று பக்கத்துத் தையல் கடை. அங்கே பிடித்தம் இல்லை. இன்னொன்று மருத்துவமனையில் துணி தைக்கும் வேலை. அங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். கைக்கு 12,215 ரூபாய்தான் வரும்.

"கடைக்கே போயேன். முழுப் பணமும் கைக்கு வருமே" என்றார் கணவர்.

"எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கடைக்காரரா பார்ப்பார்? நீங்களே சொல்லுங்கள்" என்றார் மனைவி.

அவர் கேட்டது சரியான கேள்வி. பி.எஃப். பிடித்தம் நூற்றுக்கு 12. அதாவது 1,680 ரூபாய். அதே அளவு பணத்தை முதலாளியும் போடவேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. இவருக்கு ஏற்கெனவே ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பழைய பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றினால் அந்த வருடங்களும் சேரும். யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்றேதான். கம்பெனி மாறினாலும் அது மாறாது.

இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது 105 ரூபாய். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், விதிப்படி சந்தா கட்டியவருக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 கிடைக்கும்.

பி.எஃப். பணம் தொழிலாளியின் வியர்வை. 2016 ஏப்ரலில் பெங்களூர் ஆடைத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பி.எஃப். பணம் எடுப்பதற்கு அரசு புதிய தடை போட்டிருந்தது. போராட்டத்துக்குப் பிறகு அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இன்னொரு பணமும் உண்டு. அதற்குப் பெயர் பணிக்கொடை. கிராஜுவிட்டி என்றும் சொல்வார்கள். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாக வேலையை விட்டாலும் அது உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. கணக்கைப் பாருங்கள். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. அதை 15-ஆல் பெருக்கினால் 9,000. இது ஒரு வருடத்துக்கு. ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் முழு வருடமாகும். எனவே ஏழு வருடம். மொத்தம் 63,000 ரூபாய்! அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இந்தப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டியும் சேரும்.

அந்தப் பெண் சொல்லாமல் நின்றுவிடவில்லை. விலகல் கடிதத்தைக் கன்னடத்தில் எழுதினார். இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றில் அலுவலகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பி.எஃப். கணக்கில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. முதலில் அதைத் திருத்தக் கொடுத்தார்.